ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பெயரைப் பாட்டுச் செயலியில் தேடினால் 'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' கண்ணில் படாமல் போகாது. தொண்டை கிழியப் பாடுகிற பல்லவி, பீரங்கி மாதிரி டிரம்ஸ், ஆல்பம் அட்டையில் அமெரிக்கக் கொடி. ஒரு தடவை கேட்டுவிட்டு, "சரி, இது அவர்கள் ஊர் தேசபக்திப் பாட்டு" என்று மூடி வைத்தவர்களில் நானும் ஒருவன். பல வருஷம் கழித்துத்தான் வரிகளைப் படித்தேன். வியட்நாமிலிருந்து திரும்பி வந்து வேலை கிடைக்காமல் அலைகிற ஒருவனின் புலம்பல் அது. அதற்குப் பிறகு அவருடைய மற்ற பாட்டுகளைத் தேடிப் போனபோது, இத்தனை நாள் இதையெல்லாம் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அந்தத் தவறான வாசலில் நுழைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1973 முதல் இன்று வரை இருபதுக்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள், பெட்டி பெட்டியாகக் கச்சேரிப் பதிவுகள். எங்கே தொடங்குவது? நான் சொல்லும் வழி இது: தனித்தனிப் பாட்டாகக் கேட்காதீர்கள். ஒரு தொடர்கதையை வாரா வாரம் படிப்பது போல வரிசையாகக் கேளுங்கள். 1975இல் ஒரு பையன் காரை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடப் பார்க்கிறான். 1978இல் அதே மாதிரி ஒருவன் இன்னும் அதே ஊரில், வேலை முடிந்ததும் கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். 1980இல் கல்யாணம் ஆகிவிட்டது, வேலை போய்விட்டது. 1982இல் சிலர் சட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். 1984இல் தன் மகனை மடியில் வைத்துக்கொண்டு, மூடிக்கிடக்கும் கடைத்தெருவைக் காட்டுகிறான். இவர்கள் எல்லோருக்கும் பின்னால், பேசாத ஒரு அப்பா இருக்கிறார்.

முதலில் ஊரைப் பாருங்கள்

பாட்டைப் போடுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நியூயார்க் நகரத்துக்குத் தெற்கே நியூஜெர்சி மாநிலம். அதன் வரைபடத்தில் ஃப்ரீஹோல்டு என்ற சிற்றூரைத் தேடுங்கள். ஸ்பிரிங்ஸ்டீன் 1949 செப்டம்பர் 23 அன்று பக்கத்து லாங் பிராஞ்சில் பிறந்து ஃப்ரீஹோல்டில் வளர்ந்தார். ஊருக்குச் சோறு போட்டது ஒரு கம்பள ஆலை, அதுவும் பிற்பாடு மூடப்பட்டது. அப்பா டக்ளஸ் அந்த ஆலையில் கொஞ்ச நாள், ஃபோர்டு தொழிற்சாலையில் கொஞ்ச நாள், பஸ் ஓட்டுநர், சிறைக் காவலர் என்று மாறிக்கொண்டே இருந்தவர். மனநோயும் அவரைப் படுத்தியது. இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் பீரும் சிகரெட்டுமாகத் தனியே உட்கார்ந்திருப்பார். அந்த இருட்டைக் கடந்துதான் மகன் தன் அறைக்குப் போக வேண்டும். அம்மா அடேல் வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலராக இருந்து வீட்டைத் தாங்கியவர். மகனுக்கு நல்ல எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தருவதற்காகக் கடன் வாங்கியவரும் அவர்தான்.

ஃப்ரீஹோல்டிலிருந்து கிழக்கே போனால் கடற்கரையில் ஆஸ்பரி பார்க். ஒரு காலத்தில் கோடை விடுமுறைக்குக் கூட்டம் குவிந்த ஊர், 1970 கலவரத்துக்குப் பிறகு நொடித்துப்போனது. ஸ்பிரிங்ஸ்டீன் தன் தொழிலைக் கற்றுக்கொண்டது அங்கே இருந்த சிறு கிளப்புகளில்தான். வாசித்த காசை வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலையாக இருந்ததால் 'பாஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்களையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டர்ன்பைக் என்றால் சுங்கம் கட்டிப் போகிற பெருஞ்சாலை. ஹைவே 9 ஃப்ரீஹோல்டு வழியாகவே போகிற சாலை. போர்டுவாக் கடற்கரையோரம் மரப்பலகையால் போட்ட நடைபாதை. யூனியன் கார்டு தொழிற்சங்க அட்டை. அது கைக்கு வந்தால் ஒருவன் வேலைக்குப் போகிற ஆளாகிவிட்டான் என்று அர்த்தம். வி.ஏ. என்பது முன்னாள் படைவீரர்களுக்கான அரசு அலுவலகம். செவி என்றால் செவ்ரலே கார். இவ்வளவு போதும்.

வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

அவர் குரல் கரடுமுரடானது. சொற்களை விழுங்கிவிடுவார். அமெரிக்கர்களுக்கே பல வரிகள் பிடிபடாது, நமக்கு எப்படிப் பிடிபடும்? அதனால் முதல் சில வாரங்களுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாட்டைப் போடாமல் வரிகளை மட்டும் ஒரு கதை மாதிரி படியுங்கள். அவருடைய அதிகாரபூர்வ இணையதளத்திலேயே வரிகள் இருக்கின்றன. அப்புறம் வரிகளை மூடிவைத்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்து. ஒரு பாட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். பாட்டு வரிக்காகவே பாட்டைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய பழக்கம் இல்லை. ராக் என்றால் சத்தம்தானே என்று நினைத்து வார்த்தையை விட்டுவிட்டால், இவரிடம் பாதிக்கு மேல் போய்விடும்.

ஹெட்ஃபோன் நல்லது. ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள்.

முதல் பாட்டு: 'தண்டர் ரோடு'

ஒரு பியானோ, ஒரு மௌத் ஆர்கன். கம்பிவலைக் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் முதல் வரியிலேயே வருகிறது. மேரி என்ற பெண் வராந்தாவில் நடந்து வருகிறாள், ரேடியோவில் ராய் ஆர்பிசன் பாடிக்கொண்டிருக்கிறார், வாசலில் காருடன் ஒருவன் நிற்கிறான். நீ பேரழகி இல்லை, நானும் மாவீரன் இல்லை, என்னிடம் இருப்பது இந்தக் கார் மட்டும்தான், வருகிறாயா என்று கேட்கிறான். பாட்டு முழுக்க இவ்வளவுதான் கதை.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இந்தப் பாட்டுக்கு வழக்கமான பல்லவி கிடையாது. ஒரு இடத்துக்கும் திரும்பி வராமல் முன்னே போய்க்கொண்டே இருக்கிறது, ஊரை விட்டுப் போகிற கார் போலவே. இரண்டு, அவள் காரில் ஏறினாளா என்று பாட்டு சொல்வதில்லை. கடைசி வரியில் அவன் கிளம்புவதைச் சொல்கிறான், பிறகு சொற்கள் நின்று சாக்ஸபோனும் பியானோவும் எடுத்துக்கொள்கின்றன. மேரி என்ற பெயரை மறக்காதீர்கள். பின்னால் வரும்.

இது பிடித்திருந்தால் 'பார்ன் டு ரன்' ஆல்பத்தை முழுசாக ஒரே உட்காரலில் கேளுங்கள். எட்டே பாட்டு, 40 நிமிடம்கூட ஆகாது. பின்கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1972 மே மாதம், பாப் டிலனைக் கண்டெடுத்த ஜான் ஹாமண்ட் முன்னால் தனியாகக் கிட்டாருடன் பாடிக் காட்டி, கொலம்பியா ரிக்கார்ட்ஸில் சேர்ந்தார் ஸ்பிரிங்ஸ்டீன். 1973இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் விற்கவில்லை. மூன்றாவதும் தோற்றால் கதை முடிந்தது. அந்த நெருக்கடியில் 'பார்ன் டு ரன்' என்ற ஒரே பாட்டைப் பதிவு செய்ய ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். சத்தத்தின் மேல் சத்தமாக அடுக்கிக்கொண்டே போனார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஜங்கிள்லேண்ட்'டில் கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோன் தனி ஆவர்த்தனம் வருகிறது. அதை ஒவ்வொரு ஸ்வரமாகச் செதுக்க இருவரும் 16 மணி நேரம் உட்கார்ந்தார்களாம். அந்த இடம் வரும்போது வேறு எந்த வேலையும் செய்யாதீர்கள்.

1975 ஆகஸ்டில் ஆல்பம் வெளியானது. அக்டோபரில் 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டும் ஒரே வாரத்தில் அவர் படத்தை அட்டையில் போட்டன. அப்போது அவருக்கு 26 வயது.

இரண்டாவது வாரம்: ஓடாதவனின் கதை

புகழ் வந்த கையோடு வழக்கும் வந்தது. மேலாளர் மைக் அப்பெலுடன் ஏற்பட்ட தகராறு நீதிமன்றத்துக்குப் போய், 1977 நடுப்பகுதி வரை ஸ்டுடியோவுக்குள் நுழைய முடியவில்லை. ரேடியோவும் பத்திரிகையும் மறந்துபோகிற அளவுக்கு இடைவெளி. அதற்குப் பிறகு 1978இல் வந்ததுதான் 'டார்க்னெஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்'. ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

முந்தைய ஆல்பத்தின் அலங்காரம் எதுவும் இதில் இல்லை. கிட்டார் சுருக்கென்று குத்துகிறது, பாட்டுகள் சுருங்கிவிட்டன. 'ஃபேக்டரி' இரண்டே கால் நிமிடம்தான். காலையில் சங்கு ஊதுகிறது, அப்பா சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மழையில் ஆலை வாசலுக்கு நடக்கிறார். ஆலை அவர் காதைப் பறித்துக்கொள்கிறது, வாழ்க்கையைத் தருகிறது. கோபமும் நன்றியும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. சமையலறை இருட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் ஏன் அப்படி இருந்தார் என்பதை மகன் முதல்முறையாகப் புரிந்துகொள்ளப் பார்க்கிறார். 'ஆடம் ரெய்ஸ்டு அ கெய்ன்' அதே அப்பாவிடம் கத்துகிற பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

'ரேசிங் இன் தி ஸ்ட்ரீட்'டுக்குத் தனியாக ஒரு ராத்திரி கொடுங்கள். தொடக்கத்தில் இன்ஜின் விவரம் சொல்லிப் பெருமைப்படுகிற இளைஞன். ஊர் ஊராகப் பந்தயம் ஓட்டி ஜெயிக்கிறான். கேட்டுக்கொண்டே இருக்கும்போது கதை பக்கவாட்டில் நகர்கிறது. அவனுடன் வந்த பெண் இப்போது தன் அப்பா வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து இருட்டை வெறித்துக்கொண்டிருக்கிறாள். பிறந்ததையே வெறுக்கிறவளின் கண்கள் அவளுக்கு. 'தண்டர் ரோடு'வில் காருக்கு அழைக்கப்பட்டவள் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இது பதில் மாதிரி எனக்குப் படும். கடைசியில் ராய் பிட்டனின் பியானோ சொற்களே இல்லாமல் நெடுநேரம் போகிறது. அதை வெட்டாமல் கேளுங்கள்.

மூன்றாவது வாரம்: 'தி ரிவர்'

1980இல் வந்த இரட்டை ஆல்பம், 20 பாட்டு. ஒரேயடியாகக் கேட்டால் திகட்டிவிடும். பாதிப் பாட்டுகள் கிளப்பில் ஆடுவதற்கானவை, பாதி தூங்கவிடாதவை. முதல் சுற்றில் 'இண்டிபெண்டன்ஸ் டே', 'ஹங்கிரி ஹார்ட்', 'தி ரிவர்', 'ஸ்டோலன் கார்', 'ரெக் ஆன் தி ஹைவே' ஐந்தும் போதும். மற்றவை தானாக வந்து சேரும்.

'தி ரிவர்' அவருடைய தங்கையின் வாழ்க்கையிலிருந்து வந்தது. பதின்பருவத்தில் கர்ப்பம், அவசரக் கல்யாணம், கட்டட வேலையை இழந்த கணவன். பாட்டில் அந்தப் பெண்ணின் பெயர் மேரி. பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு அவனுக்குக் கிடைத்தவை ஒரு யூனியன் கார்டும் ஒரு கல்யாணக் கோட்டும். பூ இல்லை, ஊர்வலம் இல்லை, நீதிமன்றத்தில் கையெழுத்து. பிறகு பொருளாதாரம் சரியில்லை என்று வேலை இல்லை. முன்பு இருவரும் நீந்திக் களித்த ஆறு இப்போது வறண்டு கிடக்கிறது. ஆனாலும் ராத்திரி அங்கேயே போகிறான். இவள்தான் அந்தப் பழைய மேரி என்று பாட்டில் எங்கும் சொல்லவில்லை. வரிசையாகக் கேட்டு வந்தவருக்கு அந்தப் பெயர் காதில் விழும்போது நெஞ்சில் என்னமோ செய்யும். வரிசையை விடாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு இடமே காரணம் என்றாலும் தப்பில்லை.

ராத்திரியில் மட்டும்: 'நெப்ராஸ்கா'

1982 ஜனவரி. கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் வாடகை வீடு. அடுத்த ஆல்பத்துக்கு வேண்டிய பாட்டுகளைக் குழுவுக்குச் சொல்லிக் காட்டுவதற்காக, படுக்கையறையில் உட்கார்ந்து டியாக் நிறுவனத்தின் நான்கு டிராக் கேசட் பதிவுக் கருவியில் தனியாகப் பாடி வைத்தார். அந்தக் கேசட்டுக்கு உறைகூடக் கிடையாது. பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சில வாரம் சுற்றினார். பிறகு பெரிய ஸ்டுடியோவில் முழுக் குழுவுடன் அதே பாட்டுகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். எத்தனை முயன்றும் கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. கடைசியில் பாக்கெட்டில் இருந்த அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அரங்குகளை நிரப்புகிற ஒருவர், வீட்டில் பதிந்த இரைச்சல் கலந்த ஒலிநாடாவை வெளியிடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைப் பகலில், வேலைக்கு நடுவில் கேட்க வேண்டாம். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. கிட்டார், மௌத் ஆர்கன், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். 'ஜானி 99' நியூஜெர்சியின் மாவா ஊரில் கார் ஆலை மூடப்பட்ட செய்தியில் தொடங்குகிறது. ஃபோர்டின் மாவா ஆலை 1980இல் உண்மையாகவே மூடப்பட்டது. வேலை போனவன் குடித்துவிட்டு ஒருவனைச் சுட்டுவிடுகிறான், நீதிபதி 99 வருஷம் போடுகிறார். 'யூஸ்டு கார்ஸ்'ஸில் அப்பா பழைய கார் வாங்குவதை ஒரு சிறுவன் பார்க்கிறான். விற்பனையாள் அப்பாவின் கைகளைப் பார்க்கிற பார்வை அவனுக்குச் சுருக்கென்று தைக்கிறது. 'ஹைவே பேட்ரோல்மேன்'னில் போலீஸ்கார அண்ணன், குற்றம் செய்துவிட்டு ஓடுகிற தம்பியின் காரைத் துரத்திக்கொண்டு கனடா எல்லை வரை போய், அங்கே வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, பின்விளக்குகள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தம்பியைப் பிடிப்பதா விடுவதா என்பதை இவ்வளவு குறைந்த சொற்களில் சொன்ன வேறு பாட்டை நான் கேட்டதில்லை.

இந்த ஆல்பம் பிடிக்காமல் போனால் கவலைப்படாதீர்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வாருங்கள்.

இப்போது அந்தக் கொடி

இப்போதுதான் 'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' கேட்க வேண்டிய நேரம். ஆனால் நேராக 1984 பதிவுக்குப் போகாதீர்கள். 1998இல் வந்த 'டிராக்ஸ்' என்ற தொகுப்பில் இதே பாட்டின் முதல் வடிவம் இருக்கிறது. 'நெப்ராஸ்கா' பாட்டுகளுடன் அதே சமயத்தில் வீட்டில் பதிந்தது, கிட்டாரும் குரலும் மட்டும். அதை முதலில் கேளுங்கள். செத்துப்போன ஊரில் பிறந்தவன், சின்ன வம்பில் மாட்டி ராணுவத்துக்கு அனுப்பப்படுகிறான். திரும்பி வந்தால் சுத்திகரிப்பு ஆலையில் வேலை இல்லை, வி.ஏ. அலுவலகத்திலும் கைவிரிப்பு. கே சான் போரில் இறந்த சகோதரன். பத்து வருஷம் கழித்தும் போக இடமில்லை. இதைக் கேட்ட பிறகு 1984 பதிவைப் போடுங்கள். அந்தப் பல்லவி வேறு மாதிரி கேட்கும். நான் பெருமிதம் என்று நினைத்திருந்தது, இந்த மண்ணில் பிறந்த எனக்கா இந்தக் கதி என்ற கேள்வி.

வியட்நாம் அவருக்குத் தூரத்துச் செய்தி இல்லை. பள்ளிக் காலத்தில் அவர் வாசித்த 'காஸ்டைல்ஸ்' குழுவின் டிரம்மர் பார்ட் ஹேன்ஸ் 1967இல் அங்கே இறந்துபோனார். ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் அழைப்பு வந்தது. உடல் தகுதிச் சோதனையில் அவரை எடுக்கவில்லை.

ஆல்பத்தின் ஏழு பாட்டுகள் அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தன. 1984 செப்டம்பரில் ஜனாதிபதி ரீகன் நியூஜெர்சியில் பிரசாரம் செய்தபோது, ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டுகளில் நம்பிக்கைச் செய்தி இருக்கிறது என்று பேசினார். சில நாள் கழித்துப் பிட்ஸ்பர்க் கச்சேரியில் ஸ்பிரிங்ஸ்டீன், ஜனாதிபதிக்கு என் ஆல்பங்களில் எது பிடித்திருக்கும், 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்ற பொருளில் சொல்லிவிட்டு 'ஜானி 99' பாடினார்.

இதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'மை ஹோம்டவுன்'. சிறு வயதில் அப்பா தன்னை மடியில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கவிட்டு, இதுதான் உன் ஊர் என்று சொன்னதை ஒருவன் நினைக்கிறான். இப்போது 35 வயது, அவனுக்கும் ஒரு மகன். ஆலை மூடிக்கொண்டிருக்கிறது, ஊரை விட்டுப் போகலாமா என்று மனைவியுடன் பேசுகிறான். அதற்கு முன் மகனை மடியில் உட்காரவைத்துக் காரில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறான். 1975இல் புறப்பட்ட கார் வந்து நிற்பது இங்கேதான்.

கச்சேரிப் பதிவுகள்

ஸ்டுடியோ ஆல்பங்கள் பாதிதான். மேடையில் மூன்று மணி நேரம் அவருக்குச் சாதாரணம். 2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கியில் 4 மணி 6 நிமிடம் பாடினார். கூட வாசிப்பது ஈ ஸ்ட்ரீட் பேண்ட். பெல்மார் ஊரில் குழுவின் பழைய கீபோர்டு கலைஞர் ஒருவரின் அம்மா வீடு இருந்த தெருவின் பெயர் அது. யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துக் கேட்கப் பழகுங்கள்: மேக்ஸ் வைன்பர்க்கின் டிரம்ஸ், பிட்டனின் பியானோ, அதற்கு அடியில் டேனி ஃபெடரிச்சியின் ஆர்கன், ஸ்டீவ் வான் ஸாண்டின் கிட்டாரும் கூடக் குரலும், எல்லாவற்றுக்கும் மேலே கிளெமன்ஸ். ஃபெடரிச்சி 2008இலும் கிளெமன்ஸ் 2011இலும் காலமானார்கள். கிளெமன்ஸின் இடத்தில் அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் ஜேக் இப்போது வாசிக்கிறார்.

1975 நவம்பரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் நடந்த கச்சேரி படமாகவே கிடைக்கிறது. இளமைத் துடிப்பைப் பார்க்க அது. ஆனால் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள் என்றால், 1986இல் வந்த 1975-85 நேரடித் தொகுப்பில் இருக்கும் 'தி ரிவர்'. பாட்டுக்கு முன் ஒரு கதை சொல்கிறார். பதின்வயதில் நீள முடிக்காக அப்பாவோடு ஓயாத சண்டை. ராணுவம் உன்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும், அப்போதுதான் நீ ஆம்பளையாவாய் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். உண்மையிலேயே அழைப்பு வருகிறது. வீட்டில் சொல்லாமல் நண்பர்களுடன் பயந்துகொண்டே சோதனைக்குப் போகிறான், எடுக்கவில்லை. சில நாள் கழித்து வீடு திரும்பினால் அப்பா சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். எங்கே போயிருந்தாய்? சோதனைக்கு. என்ன ஆச்சு? எடுக்கவில்லை. அப்பா சொல்கிறார்: நல்லது. அவ்வளவுதான், மௌத் ஆர்கன் தொடங்குகிறது. அந்தப் பெரிய மைதானமும் சேர்ந்து மூச்சு விடுவது போல இருக்கும்.

நம் பக்கமும் ஒருமுறை வந்திருக்கிறார். 1988இல் அம்னெஸ்டி அமைப்பின் மனித உரிமைச் சுற்றுப்பயணத்தில் ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், யூசு என்டூர் ஆகியோருடன் செப்டம்பர் 30 அன்று புதுடெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் பாடினார். அதே வருஷம் ஜூலையில் கிழக்கு பெர்லினில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் திரண்ட கூட்டத்தின் முன், எல்லாத் தடைகளும் ஒரு நாள் உடையும் என்று ஜெர்மன் மொழியில் பேசினார். அடுத்த ஆண்டு சுவர் விழுந்தது.

அதற்குப் பிறகு எது, எதை விடலாம்

இங்கிருந்து வரிசை அவ்வளவு முக்கியம் இல்லை. 1987இன் 'டனல் ஆஃப் லவ்' முதல் கல்யாணம் ஆட்டம் கண்டுகொண்டிருந்தபோது செய்தது. கல்யாணமானவர்கள் 'பிரில்லியன்ட் டிஸ்கைஸ்' கேட்டால் கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், அதற்காகவே கேட்க வேண்டும். 1992இல் ஒரே நாளில் வந்த இரண்டு ஆல்பங்களை இப்போதைக்குத் தாண்டிப் போகலாம், ஈ ஸ்ட்ரீட் பேண்டைக் கலைத்துவிட்டிருந்த காலம் அது. எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் நடையை வைத்து எழுதிய 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் பிலடெல்பியா' 1994இல் ஆஸ்கர் பெற்றது, அதை விடாதீர்கள். 1995இன் 'தி கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்' 'நெப்ராஸ்கா' பிடித்தவர்களுக்கு. அதில் 'யங்ஸ்டவுன்' என்ற ஒரு பாட்டில் ஒஹையோ உருக்காலைத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் பல தலைமுறை அடங்கியிருக்கிறது.

2001 செப்டம்பர் 11க்குச் சில நாளுக்குப் பின், கடற்கரையில் காரில் கடந்துபோன யாரோ ஒருவர் ஜன்னலை இறக்கி, இப்போது நீங்கள் எங்களுக்கு வேண்டும் என்று கத்திவிட்டுப் போனதாக அவர் சொல்லியிருக்கிறார். மறுபடி ஒன்றுசேர்ந்த குழுவுடன் 2002இல் 'தி ரைஸிங்' வந்தது. எரியும் கட்டடத்தில் படி ஏறுகிற தீயணைப்பு வீரரின் குரலில் தலைப்புப் பாட்டு. பெரும்பாலும் ஆத்திரப்படாமல், ஆள் இல்லாத படுக்கையையும் நாற்காலியில் கிடக்கும் ஜாக்கெட்டையும் பாடுகிற ஆல்பம்.

முதல் இரண்டு ஆல்பங்களுக்கு இப்போது திரும்பிப் போகலாம். சொற்கள் கொட்டிக்கிடக்கும், ஆளை மயக்கும், தொடக்கத்தில் கேட்டிருந்தால் தலை சுற்றியிருக்கும். இரண்டாவது ஆல்பத்தின் 'ரோசலீட்டா' கேட்டால் சிரிப்பு வராமல் இருக்காது.

கடைசியாக, 2017 அக்டோபர் முதல் 2018 டிசம்பர் வரை நியூயார்க்கின் வால்டர் கெர் அரங்கில் 236 முறை அவர் நடத்திய தனிநபர் நிகழ்ச்சி. பதிவு கிடைக்கிறது. ஆங்கிலம் தெளிவாகப் புரியும், ஏனென்றால் பாதிக்கு மேல் பேச்சுதான். எடுத்த எடுப்பிலேயே, தொழிற்சாலைக்குள் காலே வைத்ததில்லை, ஆனாலும் அதைப் பற்றித்தான் இத்தனை நாள் எழுதினேன் என்று ஒப்புக்கொள்கிறார். அப்பாவின் வேலை உடுப்பைத் தான் போட்டுக்கொண்டு, அப்பாவின் குரலில் பாடினேன் என்கிறார். முதல் குழந்தை பிறப்பதற்குச் சில நாள் முன், வயதான அப்பா சொல்லாமல் கொள்ளாமல் நெடுந்தூரம் காரோட்டி வந்து வீட்டு வாசலில் நின்றதையும் சொல்கிறார். நீ எங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டாய், நான் உன்னிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை என்றாராம் அப்பா. உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்றாராம் மகன்.

அந்தப் பதிவில் 'தண்டர் ரோடு'வும் இருக்கிறது. எழுபதை நெருங்குகிற குரல், ஒரே ஒரு கிட்டார், மௌத் ஆர்கன். 1975 பதிவை முதலில் போடுங்கள், அது முடிந்ததும் இதைப் போடுங்கள். அதே கம்பிவலைக் கதவு, அதே மேரி.